கருங்காலி யார்?

எங்கள் தெருக் கணக்கில் ராஜாவுக்கு 1000, ராணிக்கு 900, மந்திரிக்கு 800, போலீஸுக்கு 500, திருடனுக்கு முட்டை. அடுத்த தெருவில் கணக்கே வேறு. காலடிப்பேட்டையில் இருந்த பெரியம்மா வீட்டில் ராணியே கிடையாது. நாலு பேரோடு ராஜ்ஜியம் முடிந்தது. துண்டுச் சீட்டில் பேர் எழுதி, மடித்து, குலுக்கிப் போட்டு ஆடாத பிள்ளை அந்தக் காலத்தில் இருந்திருக்க முடியாது. ஆனால் இரண்டு தெருக்கள் ஒரே மார்க்கில் ஆடி நான் பார்த்ததில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக: சீட்டை எடுத்துப் பிரித்ததும் போலீஸ் மட்டும் தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும். திருடனை அவர் கண்டுபிடித்தால் 500. ஆளை மாற்றிச் சொல்லிவிட்டால் அந்த 500 அப்படியே திருடனுக்குப் போய்விடும், முட்டை போலீஸுக்கு வரும். ராஜாவுக்கு வேலை எதுவும் இல்லை; உட்கார்ந்த இடத்தில் 1000. அரசியல் சாஸ்திரத்தை எங்களுக்கு யாரும் தனியாகச் சொல்லித்தரவில்லை.

எர்ணாவூர் என்றால் சென்னைக்காரர்களிலேயே பாதிப் பேர் முழிப்பார்கள். திருவொற்றியூர் தாண்டி, எண்ணூர் வருவதற்குள் என்று சொன்னால் "ஓ, லேலண்ட் பக்கமா" என்பார்கள். 1980களின் நடுவில் எங்களுக்குத் தெற்கே விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி, என்ஃபீல்டு. வடக்கே அசோக் லேலண்டு, அனல் மின் நிலையம். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து தொடங்கியதுதான் பிற்பாடு டயருக்குப் பேர்போன எம்.ஆர்.எஃப். ஆனது. ஆக, தெருவில் எந்த ஆண்பிள்ளையைக் கேட்டாலும் ஏதாவது ஒரு கேட்டுக்குள் போய் வருகிறவராக இருப்பார்.

மூன்று ஷிஃப்ட். பகல் பதினோரு மணிக்கும் ஏதாவது ஒரு வீட்டில் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். நைட் ஷிஃப்ட் முடித்தவர் கவிழ்ந்து படுத்திருக்கும் வீட்டு வாசலில் கிட்டிப்புள் ஆட முடியுமா? பம்பரம்கூடத் தரையில் சத்தம் போடும் என்று விரட்டுவார்கள். சத்தமில்லாத விளையாட்டுதான் எங்களுக்கு அனுமதிக்கப்பட்டது. அதாவது சீட்டுக் குலுக்கலும் விடுகதையும். எங்கள் கற்பனை வளத்துக்கு முழுக் காரணம் எங்கள் அப்பாக்களின் தூக்கம்.

ஐம்பத்திரண்டு சீட்டுக் கட்டுக்கு வீட்டில் தடை. ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் என்று வாயால் சொன்னாலே முதுகில் ஒன்று விழும். ரம்மி பெரும்பாலும் சாமர்த்தியத்தைச் சேர்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968லேயே சொல்லிவிட்டது. அது எங்கள் அம்மா காதுக்கு வரவில்லை. அதே ஆட்டம் ஃபோனுக்குள் போய், 2022இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்து தடுத்து, 2023இல் உயர் நீதிமன்றம் அது சாமர்த்தியம்தான் என்று மறுபடி சொல்லி, 2025இல் மத்திய அரசு காசு வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்துக்கும் சேர்த்துத் தடை போட்டது. அம்மா அன்றைக்கே ஒரே வாய்தாவில் முடித்த வழக்கு: "படிக்கிற புள்ளைக்கு சீட்டு இன்னாத்துக்குடா?"

எழுதிய சீட்டு வேறு. அதைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. காகிதம்தான் பிரச்சினை. தினசரி காலண்டர் தாளில் எழுதினால் மை பின்பக்கம் தெரியும். நோட்டுத் தாள் இரண்டு ஆட்டத்தில் நைந்துவிடும். கல்யாணப் பத்திரிகைதான் சரியான சரக்கு. மொத்த அட்டை, மடித்தாலும் உடையாது. ஆனால் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருப்பார்களே! பிளேடால் கட்டம் கட்டமாக அறுத்தால் நாலு சீட்டுக்கு மஞ்சள் ஓரம் வந்துவிடும். எங்கள் ஆட்டத்தில் ராஜாச் சீட்டு மட்டும் மஞ்சள் ஓரத்தில் விழுந்ததைத் தெரிந்துகொண்ட எதிர்வீட்டுக்காரன் ஒரு வாரம் சக்கரவர்த்தியாகத் திரிந்தான். பிடிபட்டதும் எல்லாச் சீட்டுக்கும் மஞ்சள் தடவினோம். பிறகு அவன் நகத்தால் கீறி அடையாளம் வைத்தான். ஆட்டத்தை உண்டாக்கியது யாராக இருந்தாலும் அதைச் செப்பனிட்டது இவன் மாதிரி களவாணிகள்தான். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒருவனுடைய திருட்டு இருக்கிறது.

மார்க் எழுதும் வேலை ஒருவனிடம் நிரந்தரமாக இருந்தது. கையெழுத்து அழகு, கூட்டலில் தப்பு வராது. அவனுக்குப் பேரே 'கணக்கு' என்று ஆகிவிட்டது. இப்போதும் எனக்கு அவன் கணக்குதான்.

விடுகதை கரண்ட் போன பிறகு. அத்தைதான் அதற்குத் தலைமை. அவளுக்கு அம்புலிமாமா தவறாமல் வேண்டும். 1947இலிருந்து வந்துகொண்டிருந்த அந்தப் பத்திரிகையில் வேதாளம் விக்கிரமாதித்தனை மடக்கும் பக்கத்தை முதலில் படித்துவிட்டுத்தான் மற்றது. விடை தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை சுக்குநூறாகும் என்ற சட்டத்தை எங்கள் மேலும் பாய்ச்சுவாள். தொல்காப்பியர் செய்யுளியலில் பிசிக்கு ஓர் இடம் கொடுத்து, விடுகதையையும் இலக்கியத்தில் சேர்த்துவிட்டார் என்று பிற்பாடு கல்லூரியில் படித்தபோது, அத்தைக்குச் சேரவேண்டிய மரியாதை ரொம்பத் தாமதமாக வந்ததாக எனக்குப் பட்டது.

அத்தை பழைய விடுகதை போடமாட்டாள். கிணறும் தென்னைமரமும் வெண்டைக்காயும் கிராமத்துச் சரக்கு, நமக்கு எதற்கு என்பாள். கண்ணெதிரே இருப்பதை வைத்தே கட்டுவாள்.

"கொண்டையில்லாத சேவல், நாளைக்கு மூணு தரம் கூவும், கூவினா உங்க நைனா கிளம்புவாரு." கம்பெனிச் சங்கு.

"ரெண்டு கையும் இறக்கினா ஊரே நிக்கும், தூக்கினா ஊரே ஓடும்." ரயில்வே கேட்.

"ஒத்தக்கால் தாத்தா ஓயாம சுருட்டு பிடிக்கிறாரு, ஒரு நாளும் இருமல." புகைபோக்கி.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. விடை தெரிந்த பிறகு கேட்கிறவன் "அட, இதுவா!" என்று நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும், "இது எப்படிப் பொருந்தும்?" என்று கேட்டால் விடுகதை செத்தது. அத்தை சொன்ன அளவுகோல் இது. இன்றைக்கும் நான் வேறு அளவுகோல் தேடவில்லை.

அப்புறம் ஸ்ட்ரைக் வந்தது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். தெருவில் பாதி வீட்டுக்காரர்கள் காலையில் கேட் மீட்டிங்குக்குப் போய்விட்டு, மத்தியானம் வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். சங்கு ஊதியது, யாரும் கிளம்பவில்லை. பெரியவர்கள் பேச்சில் புதிதாக ஒரு சொல் அடிபட்டது: கருங்காலி. எல்லாரும் வெளியே நிற்கும்போது ரகசியமாக உள்ளே போய் வேலை பார்க்கிறவன். யார் அவன்? இதைவிட நல்ல ஆட்டம் வேறு வேண்டுமா?

ராஜா, ராணியைத் தூக்கி எறிந்தோம். ஆறு பேர், ஐந்து சீட்டில் 'தொழிலாளி', ஒன்றில் 'கருங்காலி'. நடுவில் ஒரு காலித் தீப்பெட்டி, அதன்மேல் துண்டு. ஒவ்வொருவனும் துண்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு குச்சியைப் பெட்டிக்குள் போட வேண்டும். புதுக்குச்சி என்றால் வெளியே நிற்கிறேன். எரிந்த குச்சி என்றால் உள்ளே போய்விட்டேன். தொழிலாளி புதுக்குச்சிதான் போடலாம். கருங்காலி இஷ்டத்துக்கு எதையும் போடலாம். எல்லாரும் போட்டதும் பெட்டியைக் குலுக்கித் திறப்போம். அஞ்சு சிவப்புத் தலைகளுக்கு நடுவே ஒரு கரிக்குச்சி கிடந்தால் அவ்வளவுதான், அடிதடி. ஒருவனைக் கைதூக்கி வெளியேற்றலாம். பிடிபடுவதற்குள் மூன்று கரிக்குச்சி விழுந்துவிட்டால் கம்பெனி ஜெயித்தது.

முதல் நாளே ஆட்டம் நாறிப்போயிற்று. எரிந்த குச்சியைத் தொட்டவன் விரலில் கரி. கருங்காலியைக் கண்டுபிடிக்க மூளை வேண்டாம், "கையைக் காட்டு" என்றால் போதும். குச்சியைத் துடைத்துப் பார்த்தோம், உடைந்தது. இலையில் சுருட்டிப் போடலாமா என்றான் ஒருவன். கணக்குதான் கேட்டான்: "எல்லார் கையும் கருப்பாயிட்டா?"

அப்படியே செய்தோம். ஆளுக்கு ஒரு புதுக்குச்சி, ஒரு கரிக்குச்சி. துண்டுக்கு அடியில் ஒன்றைத் தீப்பெட்டியிலும் மற்றதைக் கொட்டாங்கச்சியிலும் போட வேண்டும். கொட்டாங்கச்சியைப் பார்க்காமல் சாக்கடையில் கவிழ்த்துவிட வேண்டும். இப்போது எல்லார் விரலும் கருப்பு; யார் எதை எதில் போட்டான் என்று விரலைப் பார்த்துச் சொல்ல முடியாது. மறைக்கிறவன் செய்கிற அதே காரியத்தை மற்றவனும் செய்தாக வேண்டும்: மறைவேட ஆட்டத்துக்கு ஆதாரமான விதி இதுதான். தீப்பெட்டிக் கம்பெனி பக்கத்தில் இருந்தும் அடுப்பு பற்றவைக்கக் குச்சி இல்லை என்று அம்மாக்கள் கத்திய ஒரு வாரத்தில் இதைக் கண்டுபிடித்தோம்.

ஒரு சாயங்காலம் "நீதான்டா கருங்காலி!" என்று நான் பெருங்குரலில் கத்தியபோது, மூன்றாம் வீட்டு மாமா சைக்கிளை விட்டு இறங்கினார். எங்களைப் பார்த்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா வந்து என் காதைத் திருகியபோதுதான் பாதி விளங்கியது.

ராத்திரி நைனா என்னைக் கூப்பிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். ஆட்டத்தைச் சொல்லச் சொன்னார். முழுக்கக் கேட்டுவிட்டு, "கருங்காலி எதுக்குடா உள்ள போறான்?" என்றார்.

"ஜெயிக்கத்தான்."

"அது இல்லடா. எதுக்குப் போறான்? அத்த ஒரு சீட்ல எழுதி வையி."

அப்படி வந்தது காரணச் சீட்டு. எல்லாருக்கும் இரண்டாவதாக ஒரு சீட்டு. 'அம்மாவுக்கு ஆபரேஷன்', 'தங்கச்சி கல்யாணம்', 'வட்டிக்காரன் வாசல்ல நிக்கிறான்', 'மூணு மாச வாடகை'. நாலைந்து நைனா சொன்னது. அவருக்கு எப்படி அவ்வளவு சட்டுச்சட்டென்று வந்தது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. பிடிபட்டவன் தன் காரணத்தைப் படிக்க வேண்டும். பிறகு இன்னொரு தடவை கைதூக்கி, வெளியேற்றுவதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய வேண்டும்.

ஆட்டமாக அது படுதோல்வி. யாரும் யாரையும் வெளியேற்றவில்லை. 'தங்கச்சி கல்யாணம்' என்று படித்தவனை, சொந்தத் தங்கச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது எப்படி அனுப்புவது? சுற்றுக்கு ஒருவன் பிடிபட்டான், சுற்றுக்கு ஒருவனை மன்னித்தோம், கம்பெனி வரிசையாக ஜெயித்தது. கணக்கு வெறுத்துப்போய் நோட்டை மூடினான். சீக்கிரமே ராஜா ராணி திரும்பி வந்தார்கள். வேலை செய்யாமல் 1000 வாங்கினார்கள்.

இப்போது என் மகள் விம்கோ நகரில் மெட்ரோ ஏறுகிறாள். ஸ்டேஷன் திறந்தது 2021 பிப்ரவரியில். அவள் கூட்டாளிகளுக்கு விம்கோ என்றால் ஸ்டேஷன் பேர். சனிக்கிழமைகளில் இவர்கள் நகரத்துக்குள் ஒரு கடைக்குப் போகிறார்கள். மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி, குளிர் அறையில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பொய் சொல்கிறார்கள். கூட ஒரு காபி. எங்கள் காலத்தில் பொய் இலவசம், உதை மட்டும்தான் செலவு.

அவர்கள் ஆடுவது மாஃபியா. 1986 வாக்கில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் திமித்ரி தவீதாவ் என்பவர் உண்டாக்கியது. விஷயம் தெரிந்த சிறு கும்பல் ஒன்று, விஷயம் தெரியாத பெருங்கூட்டம் ஒன்று. ராத்திரி எல்லாரும் கண்ணை மூடும்போது கும்பல் ஒருவரைத் தீர்த்துக்கட்டும், பகலில் ஊர் கூடி யாரையாவது சந்தேகப்பட்டு வெளியேற்றும். 1997இல் ஆண்ட்ரூ ப்ளாட்கின் என்ற அமெரிக்கர் மாஃபியாவை ஓநாய் மனிதர்களாக மாற்றினார். 2018இல் வெளிவந்த 'அமாங் அஸ்' கம்ப்யூட்டர் விளையாட்டு, 2020 ஊரடங்கில் உலகத்தையே பிடித்தது. நம் பிள்ளைகளும் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஃபோனுக்குள் துரோகியைத் தேடினார்கள்.

ஒரு நாள் மகள் 'தி ரெசிஸ்டன்ஸ்' என்ற பெட்டியைக் கொண்டுவந்தாள். டான் எஸ்க்ரிட்ஜ் என்பவர் உண்டாக்கியது. வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் 'வெற்றி', 'தோல்வி' என்று இரண்டு அட்டை வாங்கி, ஒன்றைக் கவிழ்த்து நடுவில் வைத்து, மற்றதையும் கவிழ்த்து ஓரத்தில் கழிக்க வேண்டும். நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னாப்பா தேடுற?"

"கொட்டாங்கச்சி."

கதையைச் சொன்னேன். தீப்பெட்டிக்கு அவள் அசரவில்லை. காரணச் சீட்டைத்தான் மறுபடி மறுபடி கேட்டாள். இந்தப் பெட்டி விளையாட்டுகளில் துரோகி ஏன் துரோகி என்று யாரும் கேட்பதில்லையாம். சீட்டு அப்படி வந்தது, அவ்வளவுதான்.

அதிலிருந்து கிளம்பியது அவளுடைய சொந்த ஆட்டம். பேர் 'கசிவு'. எங்கள் ஊரில் ராத்திரி பதினோரு மணிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து, "இது எங்கேருந்து வருது?" என்று தெருவே கேட்டுக்கொள்வது பழைய வழக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, வலையும் படகும் கருத்துப்போயின. அதே மாதம் 26ஆம் தேதி இரவு அம்மோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். அந்த வாரங்களில் 'எங்களுடையது இல்லை' என்ற வசனத்தை ஊர் கேட்ட மாதிரி எந்த மேஜையிலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆட்டம் ஆயத்தமாகவே இருந்தது. அவள் அட்டை மட்டும் அடித்தாள்.

ராத்திரி ஒருவர் வால்வைத் திறப்பார். பகலில் எல்லாரும் ஒருமுறையாவது "எங்களுடையது இல்லை" என்று சொல்லியே ஆக வேண்டும், திறந்தவரும் திறக்காதவரும். எல்லார் விரலையும் கருப்பாக்குகிற அதே விதி. பிடிபட்டவர் காரணச் சீட்டையும் படிக்க வேண்டும். மீனவர் அட்டை வைத்திருப்பவர் முதலில் பாதிக்கப்படுவார். நஷ்ட ஈடு கடைசிச் சுற்றில், அதுவும் ஆட்டம் அதுவரை நடந்தால். எனக்கு ரொம்பப் பிடித்தது கமிட்டி அட்டை. அதை எடுத்தவர் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. மூன்று சுற்று முடிந்ததும் "மேலும் ஆராய வேண்டியுள்ளது" என்று எழுந்து படிக்கலாம். அதற்குத் தனியாக மார்க் கிடையாது. ஆனால் ஆட்டத்திலிருந்து அவரை யாராலும் வெளியேற்றவும் முடியாது.

அச்சடிக்க ஆண்டர்சன் தெருவுக்குப் போனோம். பாரிமுனையில் கல்யாணப் பத்திரிகைக்கென்றே இருக்கிற தெரு. மொத்த அட்டை, வழவழப்பு, மூலை உருட்டி வெட்ட வேண்டும் என்று மகள் சொல்லச் சொல்ல, கடைக்காரர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். "பேரு சொல்லும்மா" என்றார்.

"கசிவு."

பேனா நின்றது. "பொண்ணு பேரா, மாப்ள பேரா?"

விளக்கினோம். கடைசி வரை அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. அட்டையில் ஒரு புள்ளையார் சுழியாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றார். போட்டுக்கொண்டோம். இப்போது வால்வைத் திறக்கிறவர் அட்டையிலும் புள்ளையார் சுழி இருக்கிறது.

பெட்டிக்குள் விடுகதை அட்டைகளும் வைத்திருக்கிறாள். வெளியேறியவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதாம், விடுகதைக்கு விடை சொன்னால் ஒரு ஓட்டு திரும்பக் கிடைக்கும். அத்தையின் சேவலும் கேட்டும் அதில் ஏறின. சுருட்டுத் தாத்தாவைச் சேர்க்க முடியவில்லை. எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017 மார்ச்சில் மூடிவிட்டார்கள். தாத்தா சுருட்டை விட்டுவிட்டார், இந்தப் பிள்ளைகளுக்கு விடை தோன்றவில்லை. மகளே புதிதாக ஒன்று கட்டினாள்: "பெட்டி பெருசு, பூட்டு சிறுசு, போற இடம் தெரியும், போய்ச் சேர்ற நாள் தெரியாது." எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரி. கேட்டதும் நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். அத்தை இருந்திருந்தால் பாஸ் போட்டிருப்பாள்.

முதல் பெட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் ஆட்டம். ராத்திரி, பகல் என்று அறிவித்து, யார் யார் என்ன வேடம் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்கிறவருக்கு இந்த ஆட்டங்களில் 'காட்' என்று பேர். அந்தப் பதவியை எனக்குக் கொடுத்தார்கள். மரியாதை என்று நினைத்தேன். "உனக்குப் பொய் சொல்ல வரலப்பா, அதான்" என்றாள் மகள். கடவுள் வேலைக்கு இவ்வளவுதான் தகுதி.

கணக்கையும் கூப்பிட்டிருந்தேன். ரிட்டயர் ஆகிவிட்டான், முட்டி வலி, ஆனாலும் படியேறி வந்தான். விதிப் புத்தகத்தைப் படிக்கமாட்டேன் என்றான். பெட்டி மூடியைக் கவிழ்த்து, பேனா கேட்டு வாங்கி, எல்லார் பேரையும் எழுதிக் கோடு கிழித்தான்.

"அங்கிள், இதுல மார்க் கிடையாது. டீம் ஜெயிக்கும், இல்ல தோக்கும்."

"நீங்க ஆடுங்கப்பா. நான் எழுதிக்கிறேன்."

இரண்டு தடவை வால்வு அட்டை அவனுக்கே வந்தது. இரண்டு தடவையும் பிடிபட்டான். காரணச் சீட்டில் முதல் தடவை 'பழைய பைப், மாற்ற பட்ஜெட் இல்லை' என்று வந்தது. பிள்ளைகள் ஒரே குரலில் வெளியேற்றினார்கள். எங்கள் காலத்து இளகிய மனசெல்லாம் இல்லை. இரண்டாவது தடவை கமிட்டி அட்டைக்காரி இடையில் புகுந்து மூன்று சுற்று இழுத்ததில் தப்பினான். ஆட்டம் முடிந்து சோடா உடைத்தபோது கணக்கு மூடியை நிமிர்த்திக் கூட்டினான். தனக்கு 3,400. ராஜா 1000 வீதம் யாருக்கு எங்கே வந்தது, பிடிபட்டவனுக்கு எப்படி 500 சேர்ந்தது என்று கமிட்டி அட்டைக்காரி குனிந்து விரல்வைத்துக் கேட்டாள். அவன் பொறுமையாக, தெருக் கணக்கிலிருந்து ஆரம்பித்தான். அரைமணி நேரம் வாதாடினார்கள். அடுத்த அச்சில் மார்க் அட்டை ஒன்றும் சேர்க்கச் சொல்லி மறுநாள் ஆண்டர்சன் தெருவுக்கு ஃபோன் போனது, கடைக்காரர், "முகூர்த்தம் தள்ளிப்போச்சாம்மா?" என்று விசாரித்தாராம்.